கோத்தகிரி மார்கழிக் குறிப்புகள்

டிசம்பர் 27

உறைபனி ஆரம்பித்துவிட்டது. ஊட்டி தலைகுந்தா பக்கம் விடிந்து வெகுநேரம் வரைக்கும் புல்வெளி வெள்ளையாகவே கிடக்கிறது. குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும், அதனால் தாழ்வான தேயிலைத் தோட்டங்கள்தான் முதலில் கருகும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்கு மிலார் என்கிற செடியைப் போர்த்தி வைப்பதும் இந்த மாதங்களில்தான்.

நீலகிரி விழா என்றாலே வெளியூரில் எல்லோரும் மே மாத மலர்க்கண்காட்சியைச் சொல்கிறார்கள். 1896-ல் தொடங்கியது, அதன் பெருமை அதற்கு உண்டு. ஆனால் அது வருகிறவர்களுக்கான விழா. இந்த மலைக்காரர்கள் தங்களுக்காக எடுக்கிற விழாக்கள் பல இந்தக் குளிரில்தான் வருகின்றன. அதனால்தான் இந்தக் குறிப்புகளை இப்போது எழுதுகிறேன்.

டிசம்பர் 31

காலையில் லாங்வுட் சோலை. ஊரை ஒட்டி 116 ஹெக்டேர் சோலைக்காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம், 2024 ஜனவரியில் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிடும். மரத்தண்டெல்லாம் பாசி, காலடியில் இலைமக்கு, அதற்குக் கீழே ஈரம் வற்றாத கருப்பு மண். மழைநீரை இந்த மண் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கீழே இருக்கிற ஊர்களுக்குக் கோடையிலும் தண்ணீர் வருகிறது. நீலகிரிச் சிரிப்பான் பறவைக் கூட்டம் ஒன்று புதருக்குள் பெரிய சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. செஸ்ட்ரம் என்கிற அந்நியச் செடியைப் பிடுங்கிச் சோலை நாற்று வைக்கிற வேலையை உள்ளூர்க்காரர்கள் பொறுமையாகச் செய்து வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

ஜனவரி 4

ஊட்டிக்குப் பக்கத்தில் தோடர் பழங்குடியினரின் மந்து ஒன்றுக்குப் போனேன், மந்து என்றால் அவர்களின் குடியிருப்பு. வெயிலில் உட்கார்ந்து அக்கா ஒருவர் பூத்துக்குளியில், அதாவது தோடர்கள் போர்த்திக்கொள்கிற சால்வையில், பூவேலை செய்துகொண்டிருந்தார். கெட்டியான வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கருப்பும் நூல். துணியில் கோடு போடுவதில்லை, பார்த்துப் போட மாதிரியும் இல்லை. நெசவின் இழைகளை விரல்நுனியால் தடவி எண்ணி எண்ணி ஊசியை நுழைக்கிறார், ஒரு இழை தப்பினால் அந்த வரிசை முழுக்கச் சாயும். நடுவில் நான் ஏதோ கேட்டேன், "இருங்க தம்பி, எண்ணி முடிச்சுக்கறேன்" என்றார். வரிசை முடியும் வரை வாயைத் திறக்கவில்லை.

2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தும், அதே வடிவத்தை மெஷினில் அச்சடித்து 'தோடா சால்வை' என்று கடைகளில் விற்கிறார்கள். எனக்கு இது ஆறவே இல்லை. வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள், கைவேலை என்றால் நூல் ஓடியிருப்பது அங்கே தெரியும்.

ஜனவரி 11

ஹெத்தை ஹப்பா, படுகர் சமூகத்தின் ஹெத்தையம்மன் விழா. கோயில் இருக்கிற பேரகணிக்குப் போகிற வழியெல்லாம் வெள்ளை உடுப்பு. படுகர் ஊர்களிலிருந்து விரதம் இருந்தவர்கள் செருப்பில்லாமல், செங்கோலும் குடையுமாக நடந்து வருகிறார்கள், பெரிய வேலையில் இருந்துகொண்டு பெங்களூரிலிருந்து வந்த பையனும் அந்த வரிசையில்தான் நடக்கிறான். காணிக்கை செலுத்திக் கும்பிட்ட பிறகு ஆட்டம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், பாட்டிமார் கூட அடி தப்பாமல் ஆடுவார்கள், அருகில் நின்றால் நம் காலும் தானாக அசையும். தெரிந்த குடும்பத்தில் "சாப்பிடாமல் போகக்கூடாது" என்று பிடித்து உட்காரவைத்து அவரைக்காய்க் குழம்பு ஊற்றினார்கள்.

ஜனவரி 12

உடம்பு வலி, வெளியே போகவில்லை. இங்கத்திய இன்னொரு பழங்குடியினரான கோத்தர்கள் தங்கள் தெய்வமான கம்பட்ராயருக்கு எடுக்கிற விழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொள் குழலும் தபடக் என்கிற பறையும் சேர்ந்து ஒலிப்பதை நேரில் கேட்க வேண்டும் என்று எத்தனையோ காலமாக ஆசை. விழாவில் எதுவரை போகலாம், எதைப் படம் எடுக்கக்கூடாது என்பதையெல்லாம் முன்னாடியே கேட்டுவைத்துவிட்டேன். போய்வந்து எழுதுகிறேன்.