போணிக்கு முன்னாடி தண்டல்

காசிமேட்டில் மீன்கார அக்கா எனக்கு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருக்கும்போதே பைக் வந்து நின்றது.

"இன்னும் போணியே ஆவலப்பா, அப்பால வா."

அவன் நகரவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுருக்குப்பையிலிருந்து நேற்றைய காசில் ஒரு நூறு ரூபாயும் கட்டம் போட்ட அட்டையும் எடுத்துக் கொடுத்தார். அட்டை மடிப்பில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டு அவன் அடுத்த கூடைக்குப் போய்விட்டான்.

தண்டல் என்றால் தினமும் வந்து வசூலிக்கும் கடன். கணக்கு இதுதான். கடன் 10,000, கையில் தருவது 8,500, தினம் நூறு வீதம் 100 நாள். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறதே, ஆண்டு வட்டியாகப் போட்டுப் பாருங்கள், நூறு சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் பேர் சொல்லியே இருக்கிறது. இருந்து என்ன?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தண்டலுக்கு அந்தத் தடைக்காலமெல்லாம் கிடையாது.

"பேங்க்ல கேக்கலாமேக்கா?"

"மீன் எடுக்க விடிகாலைல காசு வேணும். உன் பேங்க் எத்தினி மணிக்குத் தொறக்கும்?"