மத்தியானம் இரண்டு மணி

16 ஏப்ரல் 2018, தங்கச்சிமடம்

நேற்றிலிருந்து மீன்பிடித் தடை. ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு எல்லாம் கரையில்தான். "ஊரே வீட்டுல கிடக்கு. இப்ப ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்றார் கேபிள்கார அண்ணன். அவருடைய லோக்கல் சேனலில் மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண்கள் பேசுவார்கள். பேச வைப்பது நான். மாடியறையில் ஒரு நீலத் திரை, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஃபேன் போட்டால் மைக்கில் இரைச்சல், போடாவிட்டால் வேர்வை.

25 ஏப்ரல்

சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கும் அக்காமார் மூன்று பேர். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பிய்ப்பதைச் சொன்னார்கள். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐயும் தேசியப் பூங்கா ஆக்கியதிலிருந்து தீவில் கால் வைக்கக் கூடாது. "பாசி எங்க முளைக்கணும்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றார் மூத்தவர். விரல்களை விரித்து கேமரா முன்னால் நீட்டினார். அத்தனையும் கீறல். போன் ஓயவில்லை. ஒருவர் கூப்பிட்டு, "நடுவுல இருக்கது எங்க மதினி, முந்தானையைச் சரி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

12 மே

குடிதண்ணீரைக் குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கும் கதையை இரண்டு நாள் பேசினோம். ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது, அடகுக்கடையும். சந்தையில் நாட்டுப்படகுச் சூடை வாங்கினேன். மீன்கார அம்மா காசு வாங்கவில்லை.

28 மே

"தண்ணி, பாசியெல்லாம் போதும்மா. சண்டை வேணும். முகத்தை மறைச்சுப் போட்டுக்கலாம்" என்கிறார் அண்ணன். சரி என்று தலையாட்டினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

5 ஜூன்

புருஷனுக்கு வேறு குடும்பம் இருப்பதைச் சொல்லி ஒரு பெண் அழுதாள். முன்னாடியே பதிவு செய்து, எடிட்டிங் தம்பி முகத்தைக் கலைத்துத்தான் போட்டான். பாதி ஓடும்போதே போன்: "இது மேலத்தெரு இன்னார் மகதானே?" குரல், வளையல், மூக்கை உறிஞ்சுகிற விதம் எல்லாம் ஊருக்குத் தெரியும். சென்னை சேனலில் அழுகிறவள் யாரோ. இவள் நாளைக்கு அதே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும். இதுவரை வந்ததிலேயே இன்றைக்குத்தான் போன் அதிகம். அண்ணன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தந்தார். நானும் சாப்பிட்டேன்.

20 ஜூன்

அமெரிக்காவில் ஜெர்ரி ஸ்பிரிங்கரின் டிவி பேச்சு நிகழ்ச்சி நிற்கிறதாம். தம்பி போனில் காட்டினான். ஆள் முன்னாள் சின்சினாட்டி மேயர். 1991இல் ஆரம்பித்தபோது அரசியல்தான் பேசியிருக்கிறார். பார்க்க ஆளில்லை என்று அப்புறம் அடிதடி, நாற்காலி வீச்சு. 1967இலிருந்து பார்வையாளர் நடுவே மைக்கோடு நடந்து கேள்வி கேட்ட பில் டானஹ்யூவோ 1996இலேயே கடையைக் கட்டிவிட்டார். அவர்களுக்குச் சில வருடம் பிடித்த மாற்றம் எங்களுக்கு ஆறே வாரத்தில் முடிந்தது.

27 ஜூன்

படகுகள் போய்விட்டன. கரையில் வேலை தொடங்கிவிட்டது, பேச வர ஆளில்லை என்கிறார் அண்ணன். நான் சின்னப்பாலம் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஒன்னைய பாக்க வருவோம் தாயி. அந்த நாற்காலியில உக்கார மாட்டோம்." ஜவுளிக்கடைக்காரரும் விளம்பரத்தை நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணின் சொந்தக்காரர்கள் அவருக்கு வாடிக்கையாம்.

10 ஜூலை

இரண்டு மணிக்கு இப்போது பழைய பாட்டு ஓடுகிறது.

மேலத்தெருவுக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலிலேயே நின்றார். "அவ இல்ல. மானாமதுரையில சித்தி வீட்டுல இருக்கா." கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "டிவியில பேசுற பிள்ளைதானே? வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா?"

விலைக்கு வாங்கின குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு கொடுத்தார்.