கழுவி ஊத்துன செல்லுலதான் ரிசல்ட்டே இருந்துச்சு

நாலு மாசமா ஒரு நல்ல காம்பவுண்ட கழுவி ஊத்திட்டு இருந்திருக்கேன், ரெண்டு அர்த்தத்துலயும். அந்தக் கடுப்பு இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன்.

கேன்சருக்கு மருந்து தேடுற வேலை, டார்கெட் ஈஜி5. செல் ரெண்டா பிரியறப்போ ஸ்பிண்டிலோட (குரோமோசோம பிரிச்சு இழுக்கற இழைக்கூடு) ரெண்டு முனையையும் எதிரெதிரா தள்ளுற மோட்டார் புரோட்டீன். அதை நிறுத்துனா முனை பிரியாது, குரோமோசோம் எல்லாம் ஒத்த முனைய சுத்தி வட்டமா நின்னுடும். 1999ல ஈஜி5-ஐ நிறுத்துற மோனஸ்ட்ரால்ங்கற காம்பவுண்ட் வந்ததுல இருந்தே தெரிஞ்ச விஷயம்தான். பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் மாதிரி கேன்சர் மருந்தெல்லாம் ஸ்பிண்டில் இழையான மைக்ரோட்யூபுலையே போய் புடிக்குது, நரம்பு செல்லுக்கும் அதே மைக்ரோட்யூபுல்தான் தண்டவாளம், அதனாலதான் பேஷண்டுக்கு கை கால் மரத்துப்போகுது. ஈஜி5-ஐ அடிச்சா அந்தத் தொல்லை குறையும்ங்கறது கணக்கு.

முதல் அடி லேப்ல இல்ல, ஸ்டோர்ஸ்ல. மைக்ரோட்யூபுல் பக்கத்துல இருந்தாத்தான் ஈஜி5 அதோட எரிபொருளான ஏடிபிய சுறுசுறுப்பா உடைக்கும், அதனால மைக்ரோட்யூபுல் கட்டறதுக்கான புரோட்டீன், ட்யூபுலின், வாங்கியே ஆகணும். டிரை ஐஸ் போட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்திருக்கு. "இண்டென்ட் காப்பில உங்க கைடு கையெழுத்து இல்ல, அதான் கூப்பிடல"ன்னு ஸ்டோர்ஸ்காரர் திங்கக்கிழமை காலைல சாவகாசமா சொல்றார். தெர்மாகோல் பெட்டிய தெறந்தா ஐஸ் இருந்த சுவடே இல்ல. மைனஸ் 80ல இருக்க வேண்டிய சரக்கு! நப்பாசைல ஒரு ட்யூப எடுத்து 37 டிகிரில ஓட்டிப் பாத்தேன், ட்யூபுலின் இழையா கோர்த்தா 340 நானோமீட்டர்ல கலங்கல் காட்டற கோடு ஏறணும், ஏறவே இல்ல, தரையோட தரையா கெடந்துச்சு. மறுபடி ஆர்டர், மறுபடி கையெழுத்து.

ஸ்கிரீனிங் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. ஈஜி5-ஐ தடுக்கற ஒரு ஹிட் சூப்பரா வந்துச்சு, டோஸ் கர்வ் மட்டும் செங்குத்தா விழுந்துச்சு, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். படல. கெமிஸ்ட்ரி பக்கம் இருந்த நண்பன் அதையே மாத்தி மாத்தி 20 காம்பவுண்ட் செஞ்சு குடுத்தான், என்ன மாத்தினாலும் ஐசி50 (பாதி வேலைய நிறுத்த வேண்டிய டோஸ்) அப்படியே நிக்குது. பக்கத்து லேப் அக்கா ஒருத்தங்க "ட்ரைட்டான் போட்டுப் பாத்தியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100ங்கற டிடர்ஜென்ட், அவ்ளோதான், மொத்த தடுப்பும் காணோம். காம்பவுண்டு கரையாம கட்டி கட்டியா சேர்ந்து புரோட்டீன ஒட்ட வச்சிருக்கு, மருந்தும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல. எட்டு மாசம் போச்சு. நண்பன் ரெண்டு வாரம் என்கூட பேசல. தயவுசெஞ்சு டிடர்ஜென்ட் டெஸ்ட்ட முதல் வாரமே பண்ணிடுங்க.

ரெண்டாவது சீரிஸ் ட்ரைட்டானுக்கு அசையல. சரி, செல்லுல போட்டேன். உயிரோட இருக்கற செல்ல அளக்கற எம்டிடி டெஸ்ட்ல செல் குறையுது, ஆனா ஒவ்வொரு செல்லுலயும் டிஎன்ஏ எவ்ளோன்னு அளக்கற ஃப்ளோ சைட்டோமெட்ரில ஜி2எம் பீக் (பிரியறதுக்கு முன்னாடி இருக்கற ஜி2, பிரிஞ்சிட்டிருக்கற எம், ரெண்டும் சேர்ந்த கூட்டம்) ஏறவே இல்ல. பிரிவு நின்னா டிஎன்ஏ டபுளாகி செல் அங்கதான குவியணும்? "வேற எங்கயோ போய் அடிக்குது, வெறும் டாக்சிக், விட்ரு"ன்னு கைடு சொல்லிட்டார். நானும் விடாம டோஸ் மாத்தி, நேரம் மாத்தி, டிஎன்ஏ சாயமான ப்ரொபிடியம் அயோடைடுல ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவ உடைக்கற என்சைம்) சரியா போட்டோமான்னு பாத்து, செல்லுல பாக்டீரியா தொத்திருக்கான்னு பாக்கற மைக்கோப்ளாஸ்மா டெஸ்ட் வரைக்கும் போயிட்டேன்.

ஒருநாள் ராத்திரி மீடியத்த உறியறதுக்கு முன்னாடி சும்மா மைக்ரோஸ்கோப்ல வச்சேன். முத்து முத்தா, பளபளன்னு, உருண்டையா செல்லுங்க. பிளேட்ட லேசா தட்டுனா ஆடுது, இன்னொரு தட்டு தட்டுனா மிதக்குது. பிரிவுல மாட்டுன செல் உருண்டையாகி பிடிய விட்டுடும், பாடத்துலயே இருக்கு, பிளேட்ட உலுக்கி அந்த செல்ல மட்டும் பிரிச்சு எடுக்கற முறையே இருக்கு, அதைப் பத்தி நானே செமினார் எடுத்திருக்கேன்! அதைத்தான் நாலு மாசமா மீடியத்தோடயும் ரெண்டு தடவ பிபிஎஸ் (உப்புக் கரைசல்) வாஷோடயும் சேத்து வேஸ்ட் பாட்டில்ல ஊத்திருக்கேன். ஒட்டிட்டு இருந்த செல்ல மட்டும் எண்ணிட்டு பீக் இல்லன்னு அழுதிருக்கேன்.

மறுநாள் மீடியம், வாஷ் எல்லாத்தையும் ஒரே ட்யூப்ல சேத்து சென்ட்ரிஃப்யூஜ்ல சுத்துனேன். பீக் கோபுரம் மாதிரி நின்னுச்சு. அந்த பீக்க மட்டும் நம்பாதீங்க, ஜி2வா எம்மான்னு டிஎன்ஏ அளவு சொல்லாது, பிரிஞ்சிட்டிருக்கற செல்ல மட்டும் காட்டற பாஸ்ஃபோ ஹிஸ்டோன் ஹெச்3 ஸ்டெய்ன் கூட வேணும். இமேஜிங்னா கழுவாம மீடியத்துக்குள்ளயே ஃபார்மால்டிஹைட ஊத்தி ஃபிக்ஸ் பண்ணுங்க. அப்படி எடுத்த ஸ்லைடுல ஒத்த முனை, சுத்தி குரோமோசோம் வளையம், கைடு கண்ண எடுக்காம பாத்தார். சாரி எல்லாம் கேக்கல.

உடனே அடுத்த குண்டு போட்டார்: "இஸ்பினெசிப் கதை தெரியும்ல?" தெரியும். அதுவும் ஈஜி5 மருந்துதான், நரம்ப பெருசா தொடல, ஆனா ட்ரையல்ல தனியா குடுத்தப்போ கட்டி பெருசா சுருங்கவும் இல்ல, வெள்ளணு தான் இறங்குச்சு. டிஷ்ல ஹீலா செல் (லேப்ல வளக்கற கேன்சர் செல்) ஒரு நாளைக்கு ஒரு தடவ பிரியுது, பேஷண்ட்டோட கட்டி அந்த வேகத்துல ஓடறதில்ல, மருந்து ரத்தத்துல இருக்கற நேரத்துல கொஞ்சம் செல்லுதான் மாட்டும், வேகமா பிரியற எலும்பு மஜ்ஜைதான் அடி வாங்கும். அதனால ஈஜி5 மேல ரொம்ப நேரம் ஒட்டிட்டு இருக்கற மாதிரி காம்பவுண்ட மாத்தணுமாம். நண்பன் மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கான்.

புதுசா ட்யூபுலின் ஆர்டர் போட்டிருக்கேன், திங்கக்கிழமை அனுப்புங்கன்னு தடிச்ச எழுத்துல எழுதி. ட்ராக்கிங்ல வெள்ளிக்கிழமைன்னு காட்டுது.