குளவி அடைத்த வேகமானி

செஸ்னா 172 விமானம், பக்கத்து இருக்கையில் பயிற்றுநர். ஓடுபாதையில் ஓடும்போது வேகமானி முள் ஒழுங்காகத்தான் ஏறியது. அங்கேயே முள் அசையாமல் இருந்திருந்தால் பிரேக் பிடித்து நிறுத்தியிருப்போம். 55 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். 74-இல் ஏறிக்கொண்டிருந்தோம்.

300 அடி தாண்டியதும் முள் 87-க்குப் போனது, அப்புறம் 110. வேகம் கூடிவிட்டது என்று மூக்கை இன்னும் தூக்கப் போனேன். சார் தன் பக்கத்துக் கட்டுப்பாட்டுக் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"தூக்காதே. எஞ்சின் சத்தம் மாறியிருக்கா? அடிவானம் இடம் மாறியிருக்கா?"

இரண்டும் மாறவில்லை. அப்படியென்றால் வேகமும் மாறவில்லை.

இறக்கைக்கு அடியில் உள்ள பிட்டோ குழாயில் மோதும் காற்றின் அழுத்தத்தையும் வெளிக்காற்றின் அழுத்தத்தையும் ஒப்பிட்டுத்தான் முள் நகர்கிறது. குழாயின் வாயும் வடிகால் துளையும் சேர்ந்து அடைபட்டால், பழைய அழுத்தம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மேலே போகப்போக வெளி அழுத்தம் குறையும், முள் பொய்யாக ஏறும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் உண்மையான வேகம் குறைந்து ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் விசையை இழந்துவிடும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 ஒன்று இப்படித்தான் கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். இதை வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். ஆனாலும் முள் ஏறியபோது கை தானாகத்தான் போனது.

கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னோம். 1000 அடியில் ஏறாமல் இறங்காமல் பறந்தோம், எஞ்சின் நிமிடத்துக்கு 2100 சுற்று (ஆர்.பி.எம்.); எத்தனையோ நாள் பறந்த கணக்குப்படி அது சுமார் 90 நாட். சார் ஒரு துண்டுத் தாளை எடுத்து வேகமானி மேல் ஒட்டிவிட்டார். அது ரொம்பச் சரியான காரியம். இறங்கும்போது இதே முள் தலைகீழாகக் குறைந்துகொண்டே வரும், பயந்துபோய் மூக்கைக் கவிழ்க்கத் தோன்றும். ஜி.பி.எஸ். காட்டியது தரை வேகம். காற்றைக் கூட்டிக் கழிக்காமல் அதையும் நம்ப முடியாது.

இறுதிக் கட்டத்தில் 1500 ஆர்.பி.எம்., ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடல்) 20 டிகிரி. ஓடுபாதையின் நுனி கண்ணாடியில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரே இடத்தில் நிற்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டேன். காது முழுக்க ஸ்டால் எச்சரிக்கை ஊதலுக்காகக் காத்திருந்தது. அது இறக்கையின் முன்விளிம்புத் துளை வழியாக வேலை செய்வது, பிட்டோ குழாயோடு சம்பந்தமே இல்லாதது. அந்த நேரத்தில் அதைவிட நம்பகமான துணை எங்களுக்கு இல்லை. சக்கரம் தரையைத் தொடும் நொடியில்தான் அது ஊதியது.

குழாய்க்குள்ளிருந்து பொறியாளர் எடுத்தது காய்ந்த மண். ஓடுபாதையில் முள் ஒழுங்காக ஏறியதால், மேலே போன பிறகுதான் அது நகர்ந்து முழுதாக அடைத்திருக்க வேண்டும். வீட்டில் பிளக் பாயின்ட் ஓட்டையை மண் வைத்து அடைக்குமே, அந்தக் குளவியின் வேலை. இரண்டு நாள் வெளியே நின்ற விமானத்தின் பிட்டோ குழாய்க்கு யாரும் உறை மாட்டவில்லை. இப்போது மாலையில் கடைசியாகக் கிளம்பும்போது, நான் ஓட்டாத விமானங்களிலும் அந்தச் சிவப்பு உறை தொங்குகிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.