எரேமியாவின் கடிதமும் எங்கள் ரப்பர் காடும்

எரேமியா 29:11 தொங்காத கிறிஸ்தவ வீடு எங்கள் பக்கம் குறைவு. 'சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்று காலண்டரில் இருக்கும், கல்யாணப் பத்திரிகையிலும் இருக்கும். ஆனால் என்னைத் தாங்கினது அதற்கு மேலே உள்ள வசனங்கள்தான். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று அதில் இல்லை, எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் கர்த்தர்.

நாங்கள் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி, எங்களைப் போல இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்தக் கணக்கில் நாங்களும் வந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், கடைசியில் ஆரியங்காவு மலையைத் தாண்டி கேரளத்துக் குளத்துப்புழை. இந்தியா தாய்நாடு என்று அப்பா சொல்லுவார். அவரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. தாயகம் திரும்பினவர்களுக்கு வேலை தரவென்றே அரசு அங்கே ரப்பர் தோட்டம் போட்டிருந்தது.

கொழுந்து கிள்ளின கைக்கு ரப்பர் வேலை முற்றிலும் புதுசு. விடியும் முன்பே காட்டுக்குள் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் வராது, கத்தி உள்ளே கட்டைவரை இறங்கினால் மரம் புண்ணாகி, அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. எனக்குக் கற்றுத்தந்தது ஒரு மலையாளத்துச் சேச்சி. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, 'பதுக்கெ மோளே, பதுக்கெ' (மெதுவாக மகளே, மெதுவாக) என்பார். எனக்கு அப்போது மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. பால் கோடு பிடித்து இறங்கி சிரட்டையில் சொட்டினதும் அவர் சிரித்தார். அன்று ராத்திரி ஜெபத்தில் அந்தச் சேச்சியின் பெயரைச் சொன்னேன். பட்டணத்தின் சமாதானத்துக்கு ஜெபிப்பது எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர், நான் சபைக்குப் போகிறவள். அதற்காக ஜெபத்தை நான் நிறுத்தவில்லை.

கஷ்டம் இல்லாமல் இல்லை. மழைக்காலத்தில் பல நாள் பால் வெட்டு நின்றுபோகும், கடைப் பற்று ஏறும். பிள்ளைகளைப் பள்ளியில் 'சிலோன்காரன்' என்பார்கள். வீட்டுக்காரர் மண்டபத்திலிருந்தே இருமலோடு வந்தவர். 'அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்' என்று மத்தேயுவில் ஆண்டவர் சொன்னதை அடுப்படியில் நின்று சத்தமாகவே சொல்லுவேன். பாடே வராது என்று அவர் சொல்லவில்லையே! நாளைய பாட்டை இன்றைக்கே சுமக்காதே என்றுதான் சொன்னார். அதனால் இன்றைக்கு அரிசிக்கு, இன்றைக்கு மருந்துக்கு என்று கேட்கப் பழகினேன். சில நாள் கேட்டது வந்தது. சில நாள் பக்கத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா கஞ்சியோடு வந்தாள். அதையும் பதில் என்றே எடுத்துக்கொண்டேன்.

விசுவாசம் இருந்தால் அழக் கூடாது என்று சிலர் சொல்லுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சங்கீதங்களில் பாதி அழுகைதானே! அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகலாம். நான் அப்படித்தான் போனேன்.

இப்போது எங்கள் பிள்ளைகளில் சிலர் வளைகுடாவில், சிலர் திருப்பூரில். போனில் அழுகிறவர்களிடம் இரண்டு காரியம் சொல்லுவேன்: போன இடத்தில் முதலில் ஒரு சபையைத் தேடு, பக்கத்து அறைக்காரன் பெயரைக் கேட்டு அவனுக்காக ஜெபி. அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

பேரனின் சாதிச் சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை. தாத்தா காலத்து இலங்கைக் காகிதம் வேண்டும் என்கிறார்கள். திங்கட்கிழமை மறுபடி போகிறோம். அந்த அலுவலரின் பெயரும் என் ஜெபத்தில் இருக்கிறது.