பாசில்டனும் பசடீனாவும்

ஜூன் 3, 2023, சனி

வரும் 17ஆம் தேதி இங்கே லண்டனில், ட்விக்கனம் மைதானத்தில், டெபேஷ் மோட் என்ற பிரிட்டிஷ் மின்னணு இசைக்குழுவின் கச்சேரி. எனக்கு ஒரு டிக்கெட் கிடைத்திருக்கிறது. நானாகத் தேடிப் போய் வாங்கியதில்லை. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் இருப்பவர் தன் மனைவிக்காக வாங்கி வைத்திருந்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, அவ்வளவு நேரம் நிற்க முடியாது. "வருகிறாயா?" என்று கேட்டார். சரி என்றேன்.

அவருக்கு வயது 57. லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸில் இருக்கும் பாசில்டனில் பிறந்து வளர்ந்தவர். டெபேஷ் மோட் கிளம்பியதும் அதே ஊரிலிருந்துதான், 1980ல். இனி இந்தக் குறிப்புகளில் அவர் பாசில்டன்காரர். பெயர் வேண்டாம், படித்தால் கோபித்துக்கொள்வார்.

இரவு லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் அக்காவிடம் பேசும்போது இதைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அத்தான் போனைப் பிடுங்கிக்கொண்டார். "லண்டன்ல யாரும்மா அவங்களைக் கேக்கறா? அது எங்க ஊரு பேண்ட்."

தஞ்சாவூர்க்காரர், எசெக்ஸ் ஊர்ப் பையன்களை லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கில் எழுதுகிறார்!

ஜூன் 6, செவ்வாய்

அத்தான் சொன்னதைப் பாசில்டன்காரரிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மதிய உணவு நேரம் முழுக்க அதிலேயே போயிற்று.

அவர் கதை இது. 1981ல் அவருக்குப் பதினைந்து வயது. அவர்களுடைய 'ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்' பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது. தங்கை அறைச் சுவரில், பத்திரிகையிலிருந்து கத்தரித்து ஒட்டிய படங்கள். அதாவது இங்கே அவர்கள் தொடங்கியதே வெகுஜனத்தில்தான். பள்ளிச் சிறுமிகளுக்குப் பிடித்த, பளிச்சென்று முகம் கழுவிய, ஒற்றை விரலால் சிந்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தைத் தட்டும் பையன்கள். அந்த முத்திரை விழுந்த பிறகு அவர்கள் என்ன செய்தாலும் இசைப் பத்திரிகைகள் லேசில் மதிக்கவில்லை. மெட்டுகளை எழுதிய வின்ஸ் கிளார்க் அந்த வருடமே விலகிப் போனார். மார்ட்டின் கோர் எழுதத் தொடங்கினார், பாட்டுகள் இருண்டன. பெர்லினில் போய்ப் பதிவு செய்தார்கள், இரும்பைத் தட்டி ஒலி எடுத்தார்கள். "எங்கள் ஊரில் யார் கவனித்தது? 'ஓ, அந்தச் சின்னப் பையன்கள்தானே' என்பார்கள்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் தன் நண்பர்களிடம் இந்த இசைத்தட்டுகளை மறைத்து வைத்திருந்ததாகவும் சொன்னார். ரகசியமான ஒன்றைக் கேட்கிறோம் என்பதற்காக இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை, எல்லோரும் விட்டுவிட்ட பிறகும் கேட்கிறோமே என்ற கூச்சம்.

முற்றத்து மல்லிகை மணக்காது என்பார்கள் நம் ஊரில். இங்கே ஒருபடி மேலே போய், அது பிளாஸ்டிக் மல்லிகை என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜூன் 9, வெள்ளி

அத்தானின் பக்கம். ஒரு மணி நேரம் பேசினார். அக்கா நடுவில் இரண்டு முறை "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டும் போகவில்லை.

அவர் எம்.எஸ். படிக்க 1989ல் அங்கே போனார். அறைத்தோழர் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மெக்சிகோ வம்சாவளிப் பையன், எப்போதும் கறுப்பு உடை. அவனுக்கு டெபேஷ் மோட் என்றால் கிட்டத்தட்ட மதம். அமெரிக்காவில் கதை நேர் எதிராக நடந்திருக்கிறது. அங்கே 'பீப்பிள் ஆர் பீப்பிள்' மட்டும் 1985ல் 13ஆம் இடத்துக்கு வந்தது. மற்றபடி வானொலியின் பெரிய நிலையங்கள் சீண்டவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் கே-ராக் என்ற ஒரு நிலையம் விடாமல் போட்டது. 1986ல் வந்த 'பிளாக் செலிப்ரேஷன்' பிரிட்டனில் 4ஆம் இடம், அமெரிக்காவில் 90ஆம் இடம். அந்த 90ஆம் இடத்து ஆல்பத்தை வைத்திருந்தவர்கள்தான் அங்கே 'உண்மையான' ரசிகர்கள். பள்ளியில் கால்பந்து ஆடும் முரட்டுப் பையன்கள் இவர்களைக் கேலி செய்வார்களாம், தலைமுடிக்காக, கண் மைக்காக.

"நான் போனது 89ல. அதனால அவன் கணக்குல நான் லேட்டு. 'பிளாக் செலிப்ரேஷன்' வந்தப்போ நீ எங்க இருந்தேன்னு கேப்பான். கும்பகோணத்துல பிளஸ் டூ படிச்சிட்டிருந்தேன்டா, நான் என்ன பண்ண முடியும்?"

இதில் வேடிக்கை, அந்த அறைத்தோழர் 1988 ஜூன் 18ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய பசடீனாவில், டெபேஷ் மோட்டின் ரோஸ் பௌல் மைதானக் கச்சேரிக்குப் போனவர். அன்றைக்குக் கூட்டம் 60,453 பேர். அறுபதாயிரம் பேரோடு சேர்ந்து காப்பாற்றிய ரகசியம்! இதை அத்தானிடம் கேட்டேன். ஒரு நிமிடம் அமைதி. "அதை அவன்கிட்ட கேக்க எனக்குத் தைரியம் வரலம்மா."

ஜூன் 11, ஞாயிறு

பாசில்டனுக்கே போய் வந்தேன். ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில், முக்கால் மணி நேரம் கூட இல்லை. தாங்க முடியாத வெயில். போருக்குப் பிறகு லண்டன்வாசிகளைக் குடியமர்த்த, 1949ல் வரைபடம் போட்டு உண்டாக்கிய ஊர். சதுக்கத்தின் நடுவே வி வடிவக் கான்கிரீட் கால்களின் மேல் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். அதன் நிழலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றேன். நான் நடந்த தெருக்களில் டெபேஷ் மோட் பெயரை எங்கும் பார்க்கவில்லை.

முதல் பாட்டு வந்த காலத்தில் மார்ட்டின் கோர் வங்கியில் குமாஸ்தா, குழுவின் இன்னொருவர் ஆண்டி ஃபிளெட்சர் காப்பீட்டு நிறுவனத்தில். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சிந்தசைசரைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் போனவர்கள். திரும்பி வரும் வழியில் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாதையில் பக்கத்து இருக்கையில் வாத்தியத்தோடு உட்கார்ந்து போன ஆளைப் பசடீனாவில் அறுபதாயிரம் பேர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றால், ஊர்க்காரன் நம்ப மறுப்பதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்றும் தோன்றியது. பிரிட்டனில் அவர்களை வெளியிட்டது டேனியல் மில்லரின் மியூட் என்ற சின்னஞ்சிறு நிறுவனம். எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, வெறும் கைகுலுக்கலில் பல வருடம் ஓட்டினார்கள். ஆனால் ரசிகர் கண்ணுக்கு அது 'பாப்'. அமெரிக்காவில் வெளியிட்டது வார்னர் குடும்பத்தைச் சேர்ந்த சைர். பெரிய முதலாளி, பெரிய பணம். ஆனால் ரசிகர் கண்ணுக்கு அது 'மாற்று இசை'. யார் காசு போட்டார்கள் என்பதற்கும் யார் எப்படி நினைத்தார்கள் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு பேண்டை முதலில் எங்கே வைத்துப் பார்த்தோமோ, அந்த இடத்திலிருந்து அது நகர்ந்தால்தான் வலிக்கிறது. பிரிட்டிஷ்காரருக்கு அது முதலில் தங்கை அறைச் சுவரில் இருந்தது. மெக்சிகோப் பையனுக்கு இருட்டில், தலையணைப் பக்கத்து வானொலியில்.

ஜூன் 14, புதன்

ரோஸ் பௌல் கச்சேரியைப் பற்றி டி. ஏ. பென்னிபேக்கர் எடுத்த '101' ஆவணப்படத்தைப் பார்த்து முடித்தேன். அந்தச் சுற்றுப்பயணத்தின் 101வது கச்சேரி என்பதால் அந்தப் பெயர். பயணத்துக்கு ஆதாரமான ஆல்பத்தின் பெயர் 'மியூசிக் ஃபார் தி மாஸஸ்', மக்கள் திரளுக்கான இசை. நம் இசை அப்படியெல்லாம் விற்காது என்று தங்களைத் தாங்களே கிண்டலடித்து வைத்த பெயர். கிண்டல் பலித்துவிட்டது. ஆல்பமோ பிரிட்டனில் 10ஆம் இடம், அமெரிக்காவில் 35தான். பட்டியலில் 35ஆம் இடத்தில் இருப்பவர்கள் ரோஸ் பௌலை நிரப்புவார்கள் என்று யார் சொல்லியிருக்க முடியும்?

படத்தில் ஒரு பேருந்து நிறைய ரசிகர்கள் நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியா வரை குறுக்கே பயணம் செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முகத்தில் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்தது. இது எங்களுடையது என்ற பெருமையும், இனி எத்தனை நாள் என்ற சின்னப் பயமும். (இரண்டாவது நானே ஏற்றிப் பார்த்ததாகவும் இருக்கலாம்.) அப்புறம், மேடைக்குப் பின்னால் வசூலைக் கணக்குப் பார்க்கும் காட்சி. பத்து லட்சம் டாலருக்கு மேல். வெளியே கூட்டம், பேராசையைப் பற்றிய 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' பாட்டை வாத்தியங்கள் நின்ற பிறகும் விடாமல் பாடிக்கொண்டிருக்கிறது.

கடவுளைக் கேள்வி கேட்கும் 'பிளாஸ்ஃபமஸ் ரூமர்ஸ்' பாட்டின்போது மழை கொட்டியதாம். அறைத்தோழர் இதை அத்தானிடம் நூறு முறை சொல்லியிருக்கிறார்.

ஜூன் 15, வியாழன்

பாசில்டன்காரருக்கும் அத்தானுக்கும் நடுவில் நான் தபால்காரி ஆகிவிட்டேன். இன்றைய விவாதம், அந்த பேண்ட் எப்போது கெட்டது?

அத்தான் அறைத்தோழரின் தீர்ப்பு: 1990 மார்ச் 20. 'வயலேட்டர்' ஆல்பத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் இசைத்தட்டுக் கடை ஒன்றில் கையெழுத்துப் போட வந்தார்கள். பல ஆயிரம் பேர் திரண்டு, நெரிசலில் கடைக் கண்ணாடி வளைகிற நிலை. போலீஸ் வந்து நிறுத்தியது, சிலருக்குக் காயம். இரவுச் செய்தியிலேயே வந்துவிட்டது. 'எஞ்சாய் தி சைலன்ஸ்' அமெரிக்காவில் 8ஆம் இடம். அந்த ஆகஸ்டில் டாட்ஜர் மைதானத்தில் இரண்டு நாள் கச்சேரி, ஒன்றுக்கு அத்தானும் போனார். அறைத்தோழருக்குப் பொறுக்காதது வேறு. பள்ளியில் தன்னைக் கேலி செய்த கால்பந்துப் பையன் டெபேஷ் மோட் சட்டை போட்டுக்கொண்டு நாலு வரிசை முன்னால் நின்றான்.

பாசில்டன்காரருக்கு அதே 1990 பொற்காலம். மறுவருடம் 'எஞ்சாய் தி சைலன்ஸ்' சிறந்த பிரிட்டிஷ் பாட்டுக்கான பிரிட் விருதை வாங்கியது. ஒளித்து வைத்த தட்டுகளையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினாராம். "அமெரிக்காக்காரன் சொன்ன பிறகுதான் எங்கள் ஆட்களுக்குக் காது கேட்டது" என்றார். சொல்லும்போது பெருமையும் கடுப்பும் சம அளவில் இருந்தன. கடுப்பு சற்று கூடுதலோ?

இரண்டு பேரும் ஒத்துப்போவது ஒரே வருடத்தில், 1993. 'சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்' இரண்டு நாட்டிலும் முதலிடம் பிடித்தது. இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை! பாடகர் டேவ் கஹன் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, முடி வளர்த்து, பச்சை குத்திக்கொண்டு வந்து நின்றபோது, நம்ம பையன் அமெரிக்க ராக் பாடகன் வேஷம் கட்டுகிறான் என்று பாசில்டன்காரர் நினைத்திருக்கிறார். கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்ததும், வானொலியில் மற்றவர்கள் போடுவதையே இவர்களும் போடுகிறார்கள் என்று அறைத்தோழர் கேட்பதையே விட்டுவிட்டார். அதன் பிறகு கஹன் பட்ட பாட்டை, 1996ல் போதையில் சாவின் விளிம்புவரை போய் வந்ததை, இரண்டு பேரும் பேச விரும்பவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் எங்கள் குழுவில், முன்பு கிழக்கு ஜெர்மனியில் இருந்த லைப்சிக் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கேட்டுக்கொண்டே வந்தவள், "1988 மார்ச்சில் கிழக்கு பெர்லினில் வாசித்தார்கள். என் அப்பா டிக்கெட் கிடைக்காமல் வாசலில் நின்றார். பிரபலமா இல்லையா என்று எங்கள் ஆட்கள் யோசித்ததே கிடையாது" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விட்டாள்.

ஜூன் 17, சனி, நள்ளிரவு தாண்டி

கால் வலி. காது இன்னும் இரைகிறது.

கூட்டத்தில் பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், நரைத்த தலை, கறுப்புச் சட்டை. சென்ற வருடம் மே மாதம் ஃபிளெட்சர் இறந்துபோனார். கஹனும் கோரும் மட்டும்தான் மிச்சம். 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' பாட்டில் திரை முழுக்க ஃபிளெட்சரின் முகம். பாசில்டன்காரர் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

எங்களுக்கு முன்னால் இருபது வயதுக் கூட்டம் ஒன்று. ஜனவரியில் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி 'நெவர் லெட் மீ டவுன் அகெய்ன்' பாட்டோடு முடிந்தது, அதன் வழியாக வந்தவர்கள். 1987ல் பிரிட்டனில் 22ஆம் இடத்தைத் தாண்டாத பாட்டு அது. பாசில்டன்காரர் முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அந்தப் பாட்டில் எப்போது கையைத் தூக்கி ஆட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கஹன் கையை உயர்த்தினார், மைதானம் முழுக்க ஒரே வீச்சில் சாய்ந்து நிமிர்ந்தது. நட்டு ஒரு மாதமான வயலில் காற்று போவது மாதிரி இருக்கும் என்று அத்தான் சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொன்னார்.

அதற்குச் சற்று முன் 'ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்' வந்தபோது அந்த வயலே கால்பந்து மைதானமாகியிருந்தது. இங்கே செல்டிக், லிவர்பூல் ரசிகர்கள் ஆட்டத்தின்போது பாடும் பாட்டு அது. பாசில்டன்காரர் தோளைக் குலுக்கிக் கத்தினார். பதினைந்து வயது.

ஜூன் 18, ஞாயிறு

இன்றோடு ரோஸ் பௌலுக்கு 35 வருடம். அத்தானுக்கு நேற்று எடுத்த காணொளியை அனுப்பினேன். பதில், "அந்தக் குழந்தைப் பாட்டையா இவ்வளவு சத்தமா பாடறாங்க?" ரோஸ் பௌலிலும் அதைப் பாடினார்கள் என்று ஆதாரத்தோடு எழுதினேன். கட்டைவிரல் மட்டும் வந்தது.

ஜூன் 21, புதன்

அக்கா மகள் போன் செய்தாள். பதினேழு வயது, அவளும் அந்தத் தொலைக்காட்சித் தொடர் வழியாக வந்தவள்தான். அலமாரியிலிருந்து அப்பாவின் 1990 சுற்றுப்பயணச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு காபிக் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பையன், "சட்டை மட்டும் போட்டால் ஆச்சா? நாலு பாட்டு சொல்லு பார்ப்போம்" என்று மடக்கியிருக்கிறான்.

"சொன்னியா?"

"சொன்னேன் சித்தி. மூணை ஒத்துக்கிட்டான். நாலாவதா நீங்க அப்பாவுக்கு அனுப்பின வீடியோல இருந்ததைச் சொன்னேன். 'ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்'. அது அவங்க பாட்டே இல்லைன்னு அடிச்சுச் சொல்றான்."

நாளை பாசில்டன்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு சொல்லலாம்.