ஸ்டூலில் இருந்து எழாதவர்கள்

நாகர்கோவிலில் பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பது என் வேலை. போட்டி நாளில் என் இடம் கார்னர், அதாவது ரிங்கில் பையன் வந்து உட்காரும் மூலை. அங்கே நான் செய்வதெல்லாம் ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரே ஒரு நிமிஷத்தில்தான். மணி அடித்ததும் ஸ்டூலைப் போட்டு, மவுத் கார்டை உருவிக் கழுவி, தண்ணீர் கொடுத்துத் துப்பச் சொல்வேன். கை பாட்டுக்கு வேலை செய்யும். என் கண் அவன் கண்ணில் இருக்கும். "எந்தக் கையில அடிக்கான்?" என்று கேட்பேன். பதில் சரியா தப்பா என்பதைவிட, எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்பதே முக்கியம். "ஏலாது சார்" என்று வாய்விட்டுச் சொல்கிறவனைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. தலையை மட்டும் ஆட்டுகிறவனை நினைத்துத்தான் பயம்.

கேலரிக்கு இதெல்லாம் தெரியாது. பையன் எழாவிட்டால், "பேடிச்சிட்டான்லே" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் கிளவ்ஸே மாட்டாத ஆளின் குரல்.

தொழில்முறைச் சண்டைகளிலும் இதே கதைதான். 2000 ஏப்ரலில் பெர்லினில் ஹெவிவெயிட் சாம்பியன் விட்டாலி கிளிட்ச்கோ, கிறிஸ் பைர்டுடன் மோதினார். ஒன்பது ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையிலும் கிளிட்ச்கோதான் முன்னிலை. அதுவரை தோல்வியே காணாதவர். இடது தோள்பட்டைத் தசை கிழிந்திருந்ததால் அடுத்த ரவுண்டுக்கு வரவில்லை, பட்டம் கைமாறியது. கோழை என்ற பட்டம் மட்டும் அவரிடம் தங்கியது. 2003இல் லெனாக்ஸ் லூயிஸுடன் சண்டை. இடது கண்ணுக்கு மேலே சதை பிளந்து தொங்கியது. ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு டாக்டர் நிறுத்தினார்; கிளிட்ச்கோவோ விடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றார். அன்றும் அட்டையில் அவர்தான் முன்னிலை. மறுநாளிலிருந்து வீரன்! ஆள் அதே ஆள்தானே? தோளுக்குள் கிழிந்தது கேமராவுக்குத் தெரியவில்லை, முகத்து ரத்தம் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ராபர்டோ டுரான் விஷயத்தில் மட்டும் எனக்கு முழுச் சமாதானம் இல்லை. 1980 ஜூனில் சுகர் ரே லியோனார்டை ஜெயித்தவர், அதே வருஷம் நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் அவருடனான மறுசண்டையில் எட்டாவது ரவுண்டில் கையை உதறிவிட்டுத் திரும்பிக்கொண்டார். வயிற்றுப் பிடிப்பு என்றார். லியோனார்டு நக்கலடித்து ஆடியதில் மனசு விட்டுப்போனது என்பேன் நான். அதுவும் ஒரு காயம்தான் என்று வாதாடலாம். எனக்கு வாய் வரவில்லை.

நிறுத்தும் பொறுப்பைச் சண்டைக்காரன் தலையில் கட்டுவதே தப்பு. 1975இல் மணிலாவில் முகமது அலியுடனான சண்டையில், கடைசி ரவுண்டுக்கு முன் ஜோ ஃப்ரேசியரை எழவிடாமல் தடுத்தவர் பயிற்சியாளர் எடி ஃபட்ச். ஃப்ரேசியருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் போகிறேன் என்றுதான் அடம்பிடித்தார். 2019 ஜூலையில் மாக்சிம் தாதாஷேவ் பதினோராவது ரவுண்டு முடிந்து உட்கார்ந்தபோது, பயிற்சியாளர் பட்டி மெக்கிர்ட் நிறுத்தப்போவதாகச் சொன்னார். தாதாஷேவ் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார். மெக்கிர்ட் கேட்கவில்லை, நிறுத்தினார். நாலாம் நாள் மூளைக் காயத்தில் தாதாஷேவ் இறந்துபோனார். அந்த வீடியோவைப் புதிதாகச் சேரும் பையன்களின் அப்பாக்களுக்குக் காட்டுவேன். சிலர் மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும்.

போன சீசனில் குளச்சல் பையன் ஒருவனுக்கு இரண்டாவது ரவுண்டு முடிந்ததும் டவலை எடுத்து, சண்டையை நிறுத்தச் சொன்னேன். கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை. வெளியே வந்ததும் இன்னொரு கோச், "ஓய், நீரு டவலை ரொம்ப சீக்கிரம் எடுக்கீரு. பயலுவ கெட்டுப்போவானுவ" என்றார். டேனியல் டூபாய் கதையைச் சொன்னேன். 2020இல் ஜோ ஜாய்ஸிடம் கண்குழி எலும்பு உடைந்து, பத்தாவது ரவுண்டில் முழங்காலிட்டு, ரெஃபரி பத்து எண்ணி முடிக்கும்வரை எழாமல் இருந்தவர். முன்னாள் வீரர்களே திட்டினார்கள். 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் அதே டூபாய் ஆண்டனி ஜோஷ்வாவை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தார்.

அவர் கேட்டுவிட்டு, "அவன் லண்டன்காரன். ஒம்ம பயலுக்கு அடுத்த மாசம் செலக்‌ஷன் உண்டுல்லா?" என்றார். உண்டுதான். டாக்டர் சீட்டு வராமல் அனுப்பப்போவதில்லை.